சுங்கை சிப்புட் மசாலா மில் வெப்சைட்: அடுத்த மூணு வருஷத்துக்கு எஸ்இஓ எப்படி?

மில்லுக்கடை_சிப்புட்
6 ஜனவரி 2026, காலை 10:12

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் டவுன்ல எங்க குடும்பத்து மசாலா மில். கறித்தூள், மீன் மசாலா, சத்துமாவு, முறுக்கு மாவு அரைச்சு பாக்கெட் போட்டு விக்கிறோம். ஆளுங்க கொண்டு வர்ற மிளகாய், மல்லியைக் கிலோ கணக்குல அரைச்சும் கொடுக்கிறோம். வெப்சைட் வேர்ட்பிரஸ், சொந்த டொமைன். மொத்தம் 64 பக்கம்: 11 பக்கம் பொருள், 6 பக்கம் கடை விவரம், மீதி 47 பக்கமும் சமையல் குறிப்பு. பெரும்பாலும் தமிழ், கொஞ்சம் ஆங்கிலம். மலாய் இல்ல.

2024 அக்டோபர்ல கூகுள் மூலமா 1,900 கிளிக். 2025 அக்டோபர்ல 1,100. ஒரு எஸ்இஓ கம்பெனி (கூகுள் தேடல்ல தளத்தை மேல கொண்டு வர்ற வேலை) மாசம் 1,200 வெள்ளி கேக்குது, 12 மாச ஒப்பந்தம். மாசம் 30 கட்டுரை, 200 பேக்லிங்க் (மத்த தளங்கள்ல இருந்து நம்ம தளத்துக்கு வர்ற இணைப்பு), எல்லாப் பக்கத்துக்கும் எஃப்ஏகியூ, அதாவது கேள்வி பதில் கோடு, கூகுள் முதல் பக்கத்துக்கு கேரண்டி. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வேணுமாம்.

கிளிக் குறைஞ்சதுக்கு நிஜக் காரணம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஏஐ பதில் மேல வர்ற இந்தக் காலத்துல இன்னும் மூணு வருஷத்துக்கு எதுல காசும் நேரமும் போடலாம்? மூணு மொழியும் வேணுமா? தம்பிக்குக் கொஞ்சம் வழி சொல்லுங்க.

---

ஈப்போ_வெள்ளைக்கோப்பி
6 ஜனவரி 2026, பகல் 1:40

தம்பி, கையெழுத்தை நிறுத்தி வைங்க. அந்த 1,900க்கும் 1,100க்கும் நடுவுல தீபாவளி எங்க நிக்குதுன்னு முதல்ல பாருங்க. 2024ல தீபாவளி அக்டோபர் 31. மாசம் முழுக்க முறுக்கு மாவு தேடுற மாசம். 2025ல அக்டோபர் 20. பண்டிகை முடிஞ்ச பிறகு 11 நாள் முறுக்கு மாவை யார் தேடுவா? அந்த வருஷம் கூட்டம் செப்டம்பர்லயே வந்து போயிருக்கும். அக்டோபரை அக்டோபரோட வச்சுப் பார்த்தா உங்க மாதிரிக் கடைக்குக் கணக்கு வராது.

தீபாவளிக்கு முந்தின ஆறு வாரத்தை எடுங்க. 2024க்கு செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 30 வரை. 2025க்கு செப்டம்பர் 8 முதல் அக்டோபர் 19 வரை. ரெண்டும் 42 நாள். சர்ச் கன்சோல்ல (உங்க தளம் தேடல்ல எப்படி வருதுன்னு காட்டுற கூகுளோட கருவி) தேதி ஒப்பீடு வச்சு இந்த ரெண்டையும் எதிரெதிரா போடுங்க.

இதை இன்னைக்கே செய்யணும். சர்ச் கன்சோல் 16 மாசத்துக்கு மேல எதையும் வச்சிருக்காது. இன்னைக்கு ஜனவரி 6. இன்னும் ரெண்டு வாரம் தள்ளிப் போட்டா 2024 செப்டம்பர் 19 முதல் ஒவ்வொரு நாளா மறைய ஆரம்பிச்சிடும். ஏற்றுமதி பொத்தானை அமுக்கி கூகுள் ஷீட்ல போட்டு வைங்க. ஒரு தடவைக்கு 1,000 வரிதான் வரும், அதனால பொருள் பக்கம் தனியா, குறிப்புப் பக்கம் தனியா வடிகட்டி எடுங்க. இனிமே மூணு மாசத்துக்கு ஒரு முறை இதை வழக்கமா வச்சுக்கங்க. மூணு வருஷத் திட்டம்னு பேசுறவங்க கையில மூணு வருஷக் கணக்கு இருக்கணும், அதை கூகுள் உங்களுக்காகச் சேர்த்து வைக்காது.

சரியான ஒப்பீட்டுக்குப் பிறகும் கிளிக் குறைவுன்னா, பக்கம் பக்கமா மூணு எண்ணைச் சேர்த்துப் படிக்கணும்: கிளிக், இம்ப்ரெஷன் (தேடல்ல உங்க பக்கம் எத்தனை தடவை காட்டப்பட்டது), சராசரி இடம். இடம் அப்படியே இருந்து, இம்ப்ரெஷனும் குறையாம, கிளிக் மட்டும் குறைஞ்சா, உங்களுக்கு மேல வேற ஏதோ பதில் சொல்லிடுது. பெரும்பாலும் அது ஏஐ ஓவர்வியூ, முடிவுகளுக்கு மேல கூகுளோட ஏஐ எழுதிக் காட்டுற பதில். அமெரிக்காவுல 2024 மேயில வந்தது, 2025 மேயில 200க்கு மேற்பட்ட நாடுகளுக்கும் 40க்கு மேற்பட்ட மொழிகளுக்கும் விரிஞ்சது. மலாயும் அதுல உண்டு. இடமே கீழே போயிருந்தா அது தரவரிசைப் பிரச்சினை. இம்ப்ரெஷனும் கிளிக்கும் சேர்ந்து விழுந்து இடம் அப்படியே இருந்தா, தேடுற ஆளே குறைஞ்சுட்டாங்க, இல்லைன்னா சில பக்கம் கூகுளோட தேடல் பட்டியலான இண்டெக்ஸை விட்டுப் போயிருக்கு. மூணுக்கும் மருந்து வேற வேற. எதுன்னு தெரியாம கட்டுரை வாங்கிக் குவிச்சுப் பிரயோஜனம் இல்ல.

ஒரு எச்சரிக்கை. 2025 செப்டம்பர்ல கூகுள் ஒரே பக்கத்துல 100 முடிவு காட்டும் வசதியை எடுத்துடுச்சு. தரவரிசை பார்க்கிற கருவிகள் அதை வச்சுத்தான் ஆழத்துல இருந்த பக்கங்களையெல்லாம் எண்ணிக்கிட்டு இருந்தது, அதுவும் இம்ப்ரெஷன் கணக்குல சேர்ந்தது. அதனால பல தளங்கள்ல இம்ப்ரெஷன் சட்டுனு இறங்கி, சராசரி இடம் நல்லா ஆன மாதிரித் தெரியுது. உங்க 2025 ஆறு வாரம் சரியா இதுல மாட்டுது. அந்த ஆறு வாரத்துக்கு கிளிக்கை நம்புங்க. இம்ப்ரெஷன் பார்க்கணும்னா முதல் பத்து இடத்துக்குள்ள வர்ற தேடல் சொற்களை மட்டும் எடுத்துப் பாருங்க. ஏஐ ஓவர்வியூல உங்க இணைப்பு வந்தாலும் அது சாதாரண வலைத் தேடல் கணக்குலயே கலந்துதான் வரும், தனியாப் பிரிச்சுப் பார்க்க முடியாது.

கம்பெனி சொன்னதுக்கு வர்றேன். மாசம் 30 கட்டுரைன்னா அது மனுஷன் மில்லுல வந்து நின்னு கேட்டு எழுதுறது இல்ல. ஆளுக்கு உதவாம, தரவரிசைக்காகவே பக்கங்களைக் குவிக்கிறதை கூகுள் 2024 மார்ச்ல ஸ்பாம் விதியிலேயே சேர்த்துடுச்சு. ஏஐ எழுதினாலும் ஆள் எழுதினாலும் ஒண்ணுதான். பணம் கொடுத்து வாங்குற லிங்க்கை 2012ல கூகுள் கொண்டு வந்த பென்குவின்ங்கிற மாற்றத்துல இருந்தே பிடிக்கிறாங்க. எஃப்ஏகியூ கோடு? 2023 ஆகஸ்ட்லயே கேள்வி பதில் காட்சியை அரசு, சுகாதாரத் தளங்களுக்குன்னு சுருக்கிட்டாங்க. மசாலா மில்லுக்கு அது முடிவுப் பக்கத்துல காட்டவே காட்டாது. முதல் இடத்துக்கு யாராலும் கேரண்டி தர முடியாதுன்னு கூகுளே தன் வழிகாட்டியில எழுதி வச்சிருக்கு. நாலுல ஒண்ணுகூட உங்களுக்கு ஆகாது.

---

தைப்பிங்_மழை
6 ஜனவரி 2026, இரவு 8:05

ஈப்போ அண்ணன் சொன்ன கணக்கை முடிச்சுட்டு இதுக்கு வாங்க தம்பி. என்ன எழுதணும்கிறதுதான் நிலைக்கிற வேலை.

உங்க 47 குறிப்புல "சாம்பார் வைப்பது எப்படி" மாதிரி உள்ளதை ஏஐ நாலு வரியில சொல்லிடும். அந்தக் கிளிக் திரும்பாதுன்னே வச்சுக்கங்க. திரும்பினாலும் சென்னையில இருக்கிறவர் படிச்சுட்டுப் போவார், சுங்கை சிப்புட்டுக்கு வந்து மிளகாய் அரைக்க மாட்டார். ஆனா உங்க மில்லுல மட்டும் இருக்கிற விவரத்தை எந்த இயந்திரமும் உங்களைத் தொடாம சொல்ல முடியாது. அரைக்கக் கொண்டு வர்றவங்களுக்குன்னு ஒரு பக்கம் இருக்கா? இல்லைன்னா அதை முதல்ல எழுதுங்க. எப்படின்னா:

"மிளகாய்க்குக் காம்பு கிள்ளி, வெயிலில் காய வைத்து, ஒடித்தால் சட்டென ஒடியும் பதத்தில் கொண்டு வாருங்கள். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மில்லில் ஒட்டிக்கொள்ளும், தூள் கட்டி தட்டும். மல்லியை வறுத்தால் நன்றாக ஆற வைத்த பிறகே மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து மறுபடி ஈரமாகிவிடும். மஞ்சளைக் காலையில் முதல் ஆளாகக் கொண்டு வாருங்கள்; மிளகாய்க்குப் பிறகு அரைத்தால் மில்லில் தங்கிய தூள் கலந்து நிறம் சிவக்கும். அரைத்த தூள் சூடாக இருக்கும். வீட்டில் தாளில் பரப்பி ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள்."

இதுக்குக் கீழே கிலோவுக்கு என்ன விலை, குறைஞ்சது எத்தனை கிலோ, எத்தனை மணிக்குள்ள வந்தா அன்னைக்கே கிடைக்கும், எந்த நாள் மில் ஓடாது. விலையைப் படத்துல போடாதீங்க, எழுத்தா போடுங்க. மாறினா மாத்துங்க, மாத்தின தேதியையும் போடுங்க. இந்த மாதிரி பக்கம் ஏழெட்டு இருந்தா போதும். 47 குறிப்பைவிட அதுக்கு வலு அதிகம்.

மொழி விஷயம். மலாய் கண்டிப்பா வேணும். உங்க ஊர்ல மலாய்க்கார அக்காமார் "செர்புக் காரி" (கறித்தூள்), "ரெம்பா" (மசாலா)ன்னு தேடுவாங்க, அந்தச் சொல்லே உங்க தளத்துல இல்லைன்னா கூகுள் எங்க போய்க் காட்டும்? ஹலால்னு எழுதுறதா இருந்தா முறையான சான்றிதழ் கையில இருக்கணும், இல்லாம எழுதினா சட்டப்படி தப்பு. மூணு மொழியையும் ஒரே பக்கத்துல கலக்காதீங்க. ஒவ்வொண்ணுக்கும் தனி முகவரி, அதுக்குள்ள எச்ரெஃப்லாங் குறி (இதே பக்கம் வேற மொழியில எங்க இருக்குன்னு கூகுளுக்குச் சொல்றது). தமிழ்ப் பக்கம் மலாயைக் காட்டினா மலாய்ப் பக்கமும் தமிழைத் திருப்பிக் காட்டணும், தன்னையும் காட்டணும். ஒரு பக்கம் விட்டுப் போச்சுன்னா அந்த ஜோடியை கூகுள் கணக்குல எடுக்காது. பிரௌசர் மொழியைப் பார்த்துத் தானா வேற மொழிக்குத் தள்ளுற செருகி (பிளகின்) இருந்தா கழட்டிடுங்க. பக்கங்களைப் படிக்க வர்ற கூகுளோட நிரலான கூகுள்பாட் எந்த மொழி வேணும்னு சொல்லாமத்தான் வரும், பெரும்பாலும் அமெரிக்க முகவரியில இருந்து வரும். அதுக்கு ஆங்கிலப் பக்கம் மட்டுமே தெரியும்படி ஆகிடும். 64 பக்கத்தையும் மொழிபெயர்க்க வேண்டாம். 11 பொருள், அரைக்கும் பக்கம், கடைப் பக்கம் போதும். மலாயை ஒரு ஆள் படிச்சுத் திருத்தணும். இயந்திரம் பெயர்த்ததை அப்படியே போட்டா வாசிக்கிறவங்களுக்கே நம்பிக்கை போயிடும்.

பக்க முகவரியில தமிழ் எழுத்து வைக்கலாம், கூகுளுக்குப் பிரச்சினை இல்ல. ஆனா வாட்ஸப்புல ஒட்டும்போது எழுத்துக் குறியீடு ஒவ்வொண்ணும் சதவீதக் குறியோட ஒன்பது எழுத்தா விரியும். "முறுக்கு"ன்னு ஒரு சொல்லுக்கே குறியீடு எட்டு, அது 72 எழுத்து நீளம் ஆகிடும். அத்தைமார் அதைப் பார்த்து ஏதோ ஸ்கேம்னு தொடவே மாட்டாங்க. உரோமன் எழுத்துல சின்னதா வைங்க. ஏற்கெனவே தமிழ்ல இருக்கிற நல்ல பக்கங்களை இதுக்காக மாத்தாதீங்க, புதுசுக்கு மட்டும்.

பொருள் பேரு எழுதும்போது மிளகாய்த்தூள், மிளகாய் பொடி ரெண்டும் இயல்பா வரட்டும். நம்ம ஆளுங்க ரெண்டு மாதிரியும் தேடுறாங்க. வரைபடத்துல "லாடாங்"னு இருக்கும், சனங்க "தோட்டம்"னுதான் சொல்வாங்க. வழி சொல்ற பகுதியில எல்பில் தோட்டத்துப் பக்கம் இருந்து, கோலகங்சார்ல இருந்து, ஈப்போவுல இருந்து எப்படி வரணும், காடி எங்க நிறுத்தலாம்னு ரெண்டு பேரையும் சேர்த்து எழுதுங்க. ஆனா ஊருக்கு ஒரு பக்கம்னு ஒரே வாசகத்தைப் பேர் மாத்திப் போட்டுடாதீங்க. அது வாசல் பக்கம்னு ஸ்பாம் விதியில வரும்.

---

கிள்ளான்_லோரோங்
7 ஜனவரி 2026, காலை 7:50

இவ்வளவு பாடு எதுக்கு? வெப்சைட்டை விட்டுட்டு டிக்டாக், பேஸ்புக், ஷாப்பி மூணுலயும் இறங்குங்க. இப்ப யாரு கூகுள்ல தேடுறா? அரைக்கிற வீடியோ ஒண்ணு போட்டா ஒரு வாரத்துல ஆர்டர் வரும், எஸ்இஓவுக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும்.

---

ஈப்போ_வெள்ளைக்கோப்பி
7 ஜனவரி 2026, காலை 11:20

வீடியோ போடுங்கன்னுதான் நானும் சொல்வேன். மில்லு ஓடுற சத்தத்தோட மிளகாய் இறங்குறதைக் காட்டினா நல்லாப் போகும். வெப்சைட்டை விட்டுடச் சொல்றதை மட்டும் ஒத்துக்க முடியாது. வாடகை இடத்துல வீடு கட்டினா என்ன ஆகும்னு ஒரு உதாரணம் இருக்கு: கூகுள் பிசினஸ் புரொஃபைல்ல (தேடல்லயும் மேப்புலயும் கடை விவரம் காட்டுறது) இலவசமா ஒரு வெப்சைட் கொடுத்தாங்க. நிறைய சின்னக் கடைங்க டொமைன் வாங்காம அதையே வச்சிருந்தாங்க. 2024 மார்ச்ல மூடிட்டாங்க. முகவரி வேற பக்கத்துக்குத் திருப்பி விட்டதும் ஜூன் 10 வரைதான். பாக்கெட்ல, பேனர்ல அந்த முகவரியை அச்சடிச்சவங்களுக்கு எல்லாம் நஷ்டம். உங்க பாக்கெட்ல அச்சடிக்க வேண்டியது உங்க டொமைனும் உங்க வாட்ஸப் எண்ணும்.

"இன்னைக்கு அரைக்கணும், பக்கத்துல மில் எங்க"ன்னு கேக்கிறவங்க வீடியோ பார்க்க மாட்டாங்க, மேப்பைத் திறப்பாங்க. அதனால பிசினஸ் புரொஃபைல்தான் உங்களுக்கு முதல் கதவு. கடைப் பலகையில உள்ள பேரை மட்டும் போடுங்க. பேருக்குப் பின்னாடி "சிறந்த மசாலா சுங்கை சிப்புட்"னு ஒட்டினா விதிமீறல், புரொஃபைலே முடக்கப்படலாம். முதன்மை வகை சரியா இருக்கணும். பிப்ரவரி 1 தைப்பூசம், அன்னைக்கு மூடுறீங்கன்னா சிறப்பு நேரத்துல இப்பவே போடுங்க. திறந்திருக்குன்னு நம்பி வந்து பூட்டைப் பார்த்துட்டுப் போறவர்தான் ஒரு ஸ்டார் போடுவார். ரிவ்யூ கேக்கலாம், தப்பு இல்ல. 100 கிராம் தூள் இலவசம்னு சொல்லிக் கேக்கக்கூடாது. சந்தோஷமா இருக்கிறவங்களை மட்டும் பொறுக்கிக் கேக்கிறதும் விதிக்குப் புறம்பு.

லிங்க் வேணும்னா ஊருக்குள்ளயே இருக்கு. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு, கோயில் திருவிழா அன்னதானத்துக்கு நீங்க தூள் கொடுக்கிறீங்கன்னா அவங்க பக்கத்துல உங்க பேரும் முகவரியும் வரட்டும். மக்கள் ஓசை, தமிழ் மலர் மாதிரிப் பத்திரிகையில தோட்டத்து மசாலா பத்திச் செய்தி வந்தா அது 200 வாங்கின லிங்க்கைவிடப் பெருசு. காசு கொடுத்துப் போடுற விளம்பர இணைப்பா இருந்தா அதுக்கு ஸ்பான்சர்டு குறி வைக்கச் சொல்லுங்க.

சாட்ஜிபிடி மாதிரி இடத்துல வரணும்னு கேப்பீங்க. தனி மந்திரம் இல்ல. பிங் வெப்மாஸ்டர் டூல்ஸ்ல தளத்தைச் சேருங்க, சர்ச் கன்சோல்ல இருந்து நேரா இறக்குமதி பண்ணலாம், பத்து நிமிஷ வேலை. ரோபோட்ஸ் கோப்புல (எந்த பாட் தளத்தைப் படிக்கலாம்னு சொல்ற கோப்பு) ஓப்பன்ஏஐயோட தேடல் பாட்டைத் தடுத்து வச்சிருக்கான்னு பாருங்க. பயிற்சிக்கு வர்ற பாட் வேற, தேடலுக்கு வர்ற பாட் வேற. பல ஏஐ பாட்கள் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்க்காது, அதனால விலையும் நேரமும் பக்கத்தோட மூல எழுத்துலயே இருக்கணும். ஏஐக்குன்னு தனியா "எல்எல்எம்ஸ்" கோப்பு போட்டுத் தர்றேன்னு யாராவது காசு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க, கூகுள் அதைப் பயன்படுத்துறதில்ல.

---

மில்லுக்கடை_சிப்புட்
8 ஜனவரி 2026, இரவு 9:30

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. 42 நாள் ஒப்பீடு போட்டுப் பார்த்தேன். மொத்தமா குறைவு சின்னதுதான். பொருள் பக்கம் 11ம் கிட்டத்தட்ட அதே இடம், அதே கிளிக். விழுந்தது முழுக்க சமையல் குறிப்புல. இடம் மாறல, கிளிக் மட்டும் போச்சு.

ரெண்டு சந்தேகம். அந்த 47ஐ மொத்தமா அழிச்சுடவா? அப்புறம் "முறுக்கு மாவு" பக்கம் தமிழ்ல எந்தத் தேடலுக்குமே வரல, ஆங்கிலத் தேடலுக்கு மட்டும் வருது. பக்கத்துல தமிழ் நிறைய இருக்கு.

---

தைப்பிங்_மழை
8 ஜனவரி 2026, இரவு 10:15

அந்தப் பக்கத்துல இருந்து ஒரு தமிழ் வரியை நகல் எடுத்து நோட்பேடுல ஒட்டிப் பாருங்க தம்பி. ஆங்கில எழுத்துக் குப்பையா வந்தா அது பழைய பாமினி மாதிரி எழுத்துருவுல அடிச்சது. கண்ணுக்குத் தமிழ், கூகுளுக்கு வெறும் உளறல். ஒண்ணுமே நகல் ஆகலைன்னா அது போஸ்டர் படம். ரெண்டுக்கும் ஒரே வழிதான், யூனிகோடுல மறுபடி தட்டணும். அச்சகத்துக்குக் கொடுத்த லேபிள் கோப்புல இருந்து ஒட்டுனதுதான் பெரும்பாலும் இப்படி இருக்கும்.

தட்டும்போதே படத்தையும் பாருங்க. போன்ல எடுத்த படத்தை அப்படியே ஏத்தியிருந்தா ஒண்ணே நாலஞ்சு எம்பி இருக்கும். அகலம் 1,200 பிக்சல், வெப்பி (WebP) வடிவம், 150 கேபிக்குள்ள கொண்டு வாங்க. பக்கத்தோட பெரிய படம் 2.5 விநாடிக்குள்ள தெரியணும்ங்கிறது கூகுளோட அளவு, தோட்டத்துப் பக்கம் லைன் ஒரு கம்பிதான் காட்டும்னு நினைச்சு அமைக்கணும். தமிழ் எழுத்துருவைத் தனியா ஏத்துற தீம்னா அதையும் எடுத்துடலாம், போன்ல உள்ள எழுத்தே போதும்.

---

மில்லுக்கடை_சிப்புட்
8 ஜனவரி 2026, இரவு 10:41

ஒட்டிப் பார்த்தேன் அக்கா. குப்பைதான் வருது. மொத்தம் நாலு பக்கம் அப்படி இருக்கு.

---

ஈப்போ_வெள்ளைக்கோப்பி
9 ஜனவரி 2026, காலை 9:05

அந்த நாலையும் இந்த வாரமே தட்டிடுங்க. முகவரியை மாத்தாதீங்க. தட்டி முடிச்சதும் சர்ச் கன்சோல்ல முகவரி ஆய்வுல போட்டு இண்டெக்ஸ் கேளுங்க.

47ஐ மொத்தமா அழிக்க வேண்டாம். மூணு குவியலாப் பிரிங்க. உங்க தூளை வச்சு, உங்க அளவோட இருக்கிறது முதல் குவியல்: "ஒரு கிலோ மீனுக்கு எங்க மீன் மசாலா எத்தனை கரண்டி" மாதிரி. அதை விரிவாக்கி, பொருள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்க. ஒரே விஷயத்தை ரெண்டு மூணு தடவை எழுதினது அடுத்தது: நல்லதை வச்சுட்டு மத்ததை 301 (நிரந்தரத் திருப்பம்) போட்டு அதுக்கே திருப்புங்க, குறைஞ்சது ஒரு வருஷம் அந்தத் திருப்பம் இருக்கட்டும், எடுக்காம விட்டா இன்னும் நல்லது. எல்லாத்தையும் முகப்புக்குத் திருப்பினா கூகுள் அதை இல்லாத பக்கம்னே எடுத்துக்கும். 16 மாசத்துல கிளிக்கும் இல்ல, வெளி லிங்க்கும் இல்லங்கிறது கடைசிக் குவியல், அதை நீக்கிடலாம். தேடல்ல காட்டாதேன்னு சொல்ற நோஇண்டெக்ஸ் குறி போடுறதா இருந்தா ரோபோட்ஸ் கோப்புல அதே பக்கத்தைத் தடுக்காதீங்க. தடுத்தா கூகுள் உள்ள வந்து அந்தக் குறியைப் படிக்கவே முடியாது, பக்கம் அப்படியே தொங்கும். பத்து பத்தாச் செய்யுங்க, நடுவுல 28 நாள் விடுங்க. தரவரிசை முறையையே மாத்துற கூகுளோட பெரிய கோர் அப்டேட் ஓடிக்கிட்டு இருந்தா அது முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுத்தான் ஒப்பிடணும்.

இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8. உங்க 42 நாள் செப்டம்பர் 27ல தொடங்குது. முறுக்கு மாவுப் பக்கம் மூணு மொழியிலயும் ஆகஸ்ட் முடியறதுக்குள்ள தயாரா இருக்கணும். முகவரியில வருஷத்தைப் போடாதீங்க. ஒவ்வொரு வருஷமும் புதுப் பக்கம் திறந்தா பழசுல சேர்ந்த மதிப்பு அங்கேயே கிடக்கும். ஒரே முகவரி, விலையும் கடைசித் தேதியும் மட்டும் மாறட்டும்.

கடையில ஒரு நோட்டு வைங்க. ஆர்டர் கொடுக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் "எங்களை எப்படித் தெரியும்"னு கேட்டு மேப், கூகுள், ஏஐ, டிக்டாக், சொந்தக்காரர்னு கோடு போடச் சொல்லுங்க. ஏஐ பதிலைப் படிச்சுட்டு நேரா கடைக்கு வர்றவர் எந்த மீட்டர்லயும் தெரிய மாட்டார், இந்த நோட்டுல மட்டும்தான் தெரிவார். சர்ச் கன்சோல்ல உங்க கடைப் பேரைப் போட்டுத் தேடின எண்ணிக்கையை மாசாமாசம் தனியா எழுதுங்க. மூணு வருஷத்துல அது ஏறினா வேலை சரியா நடக்குது. சம்மதம் சொன்னவங்க எண்ணை வாட்ஸப் பிராட்காஸ்ட்ல சேருங்க. ஒரு பட்டியலுக்கு 256 பேர், அவங்க உங்க எண்ணைச் சேமிச்சிருந்தாத்தான் செய்தி போகும். அதனால பாக்கெட் லேபிள்லயே "இந்த எண்ணைச் சேமிக்கவும்"னு அச்சடிங்க.

பிறகு என்னைக்காவது வேற கம்பெனியை வச்சாலும், டொமைன் உங்க குடும்பத்துப் பேர்ல, சர்ச் கன்சோல் உரிமையாளர் நீங்க, பிசினஸ் புரொஃபைல் முதன்மை உரிமையாளர் நீங்க, அவங்களுக்குப் பயனர் அனுமதி மட்டும். எந்த லிங்க் எங்க வச்சாங்கன்னு மாசாமாசம் பட்டியல், 30 நாள் அறிவிப்புல வெளியேற வழி. இது ஒப்பந்தத்துல எழுத்தா இல்லைன்னா கையெழுத்து வேண்டாம்.

---

மில்லுக்கடை_சிப்புட்
9 ஜனவரி 2026, பகல் 12:30

கம்பெனிக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். ஏற்றுமதி எடுத்தாச்சு, ரெண்டு கோப்பு. நாலு பக்கத்துல ஒண்ணு யூனிகோடுல தட்டி முடிச்சாச்சு. அரைக்கும் பக்கத்துக்கு ஒரு கேள்வி அக்கா: மஞ்சளுக்குக் காலை 8 மணின்னு போடவா, இல்ல "மில் திறந்ததும்"னு போடவா?

---

தைப்பிங்_மழை
9 ஜனவரி 2026, பகல் 1:02

8 மணின்னே போடுங்க தம்பி, பிசினஸ் புரொஃபைல்ல திறக்கிற நேரம் என்ன போட்டிருக்கோ அதே. ரெண்டு இடத்துல ரெண்டு நேரம் இருந்தா ஏஐ எதை எடுத்துச் சொல்லும்னு நம்ம கையில இல்ல.